நெருக்கம் வேறு, குறுக்கீடு வேறு



ஒரே கூடத்தில் பலர் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் யாருக்கும் விளங்காது. வானொலி அலைகளின் உலகிலும் இதுதான் சிக்கல். ஒரு நிலையத்துக்கு இரண்டு செய்திகள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால் இரண்டும் கெடுகின்றன. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனும் அவர் குழுவினரும் தீவுகளில் இருந்த கணினி முனையங்களை வானொலி வழியாக இணைத்த அலோகா வலையமைப்பு 1971இல் இயங்கத் தொடங்கியது. எந்த நிலையமும் தான் விரும்பிய நேரத்தில் அனுப்பலாம். மோதல் ஏற்பட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும் என்பதே அதன் விதி. கணக்கிட்டுப் பார்த்தால் அலைவரிசையின் திறனில் அதிகபட்சமாக 18 விழுக்காடுதான் அதில் பயன்படும். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று விதித்தாலும் 37 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. இத்தகைய கணக்குகளிலிருந்து பலரும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டார்கள்: இணைப்புகள் பெருகப் பெருகக் குறுக்கீடும் பெருகும், எனவே குறுக்கீடு வேண்டாமென்றால் இணைப்புகளைக் குறை. இந்தப் பாடம் பாதிதான் உண்மை என்பதே இன்றைய என் வாதம். குறுக்கீட்டைத் தீர்மானிப்பது இணைப்புகளின் எண்ணிக்கையன்று, அவற்றின் அமைப்பு. அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கிருந்தால், சாத்தியமான இணைப்புகளில் மிகச் சிறு பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு, மற்ற அனைத்தையும் இடையூறின்றிப் பெருங்கூட்டமாக இயக்க முடியும். இது நம்பிக்கைப் பேச்சு அல்ல, நிரூபிக்கப்பட்ட தேற்றம்.

தேற்றத்தைச் சொல்ல மூன்று கருத்துகள் தேவை. நிலையங்களைப் புள்ளிகளாகவும், ஒன்றையொன்று எட்டக்கூடிய நிலையங்களுக்கு இடையே ஒரு கோடாகவும் வரைந்தால் கிடைப்பது கோட்டுரு. புள்ளிகளை முனைகள் என்றும் கோடுகளை விளிம்புகள் என்றும் அழைக்கிறோம். ஒரு முனையும் இரண்டு விளிம்புகளில் வராதபடி தேர்ந்தெடுத்த விளிம்புகளின் தொகுப்புக்குப் பொருத்தம் என்று பெயர். ஆனால் பொருத்தம் மட்டும் இருந்தால் நம் காரியம் முடியாது. ஒரு சோடியில் பேசுபவரின் அலை இன்னொரு சோடியில் கேட்பவரை எட்டிவிடக் கூடாது. அதாவது, தேர்ந்தெடுத்த விளிம்புகளின் முனைகளுக்கிடையே அந்த விளிம்புகளைத் தவிர வேறு விளிம்பே கோட்டுருவில் இருக்கக் கூடாது. இப்படி அமைவது தூண்டப்பட்ட பொருத்தம். அத்தகைய பொருத்தம் ஒன்றில் உள்ள எல்லா விளிம்புகளும் ஒரே சுற்றில் மோதலின்றிச் செய்தி அனுப்பலாம். ஆகவே நம் கேள்வி இப்படி ஆகிறது: ஒரு கோட்டுருவின் விளிம்புகள் அனைத்தையும் எத்தனை தூண்டப்பட்ட பொருத்தங்களாகப் பிரிக்கலாம்? எண்ணிக்கை குறைந்தால் சுற்றுகள் குறையும். எல்லா முனைகளும் ஒன்றோடொன்று இணைந்த முழுமைக் கோட்டுருவில் விடை வருத்தம் தருவது. அங்கே எந்த இரண்டு விளிம்புகளை எடுத்தாலும் அவற்றின் முனைகளுக்கிடையே வேறு விளிம்புகள் இருக்கும். எனவே ஒரு சுற்றுக்கு ஒரு விளிம்புதான். நூறு முனைகள் என்றால் 4,950 விளிம்புகள், 4,950 சுற்றுகள். முழுமையிலிருந்து சற்றே குறைந்த கோட்டுருவின் நிலையும் ஏறத்தாழ இதுவாகத்தான் இருக்கும் என்று மனம் உடனே முடிவு கட்டுகிறது. அந்த முடிவுதான் தவறு.

அமைப்பின் ஆற்றலைத் தாளும் பேனாவும் கொண்டே சரிபார்க்கக்கூடிய ஒரு சிறிய எடுத்துக்காட்டைத் தருகிறேன். 0 முதல் 26 வரை எண்ணிட்ட 27 அனுப்பும் நிலையங்களையும், அவ்வாறே எண்ணிட்ட 27 கேட்கும் நிலையங்களையும் எடுத்துக்கொள்வோம். 1, 2, 4, 5, 10, 11, 13, 14 என்ற எட்டு எண்களைத் தனியே குறித்துக்கொள்வோம். இவற்றில் எந்த மூன்றும் கூட்டுத்தொடராக அமைவதில்லை. எந்த எண்ணும் மற்ற இரண்டின் சராசரி அல்ல. அனுப்பும் நிலையத்தின் எண்ணோடு இந்த எட்டில் ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணுடைய கேட்கும் நிலையத்துக்கு அதிலிருந்து இணைப்பு உண்டு. கூட்டுத்தொகை 26ஐத் தாண்டினால் 27ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் எட்டு இணைப்புகள், மொத்தம் 216. சாத்தியமான 729 இணைப்புகளில் இது ஏறத்தாழ 30 விழுக்காடு. முதல் சுற்றில் இந்த எட்டு எண்களைக் கொண்ட நிலையங்கள் மட்டும் தத்தம் இருமடங்கு எண்ணுக்கு அனுப்பட்டும்: 1 என்பது 2க்கு, 2 என்பது 4க்கு, 4 என்பது 8க்கு, 5 என்பது 10க்கு, 10 என்பது 20க்கு, 11 என்பது 22க்கு, 13 என்பது 26க்கு, 14 என்பது 1க்கு. 1ஆம் நிலையத்தின் அலை 2, 3, 5, 6, 11, 12, 14, 15 ஆகிய எட்டு நிலையங்களை எட்டும். இவற்றில் இந்தச் சுற்றில் கேட்டுக்கொண்டிருப்பது 2 மட்டுமே. மற்ற ஏழு நிலையங்களையும் இப்படியே சோதித்துப் பாருங்கள். எங்கும் மோதல் இராது. அடுத்த சுற்றில் எல்லா எண்களோடும் ஒன்றைக் கூட்டுங்கள். அதற்கடுத்த சுற்றில் இரண்டை. 27 சுற்றுகளில் 216 இணைப்புகளும் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை இயங்கி முடியும். காரணம் எளிது. அ என்ற எண்ணுக்குரிய அனுப்பும் நிலையம் இ என்ற எண்ணுக்குரிய அனுப்பும் நிலையத்தின் செய்தியைக் கேட்கும் நிலையத்தைத் தொந்தரவு செய்ய வேண்டுமானால், இருமடங்கு இ-யிலிருந்து அ-வைக் கழித்தால் வருவதும் அந்த எட்டு எண்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இ அவ்விரண்டின் சராசரியாகிவிடும். அது இல்லை என்பதற்காகத்தானே அந்த எட்டு எண்களைத் தேர்ந்தெடுத்தோம்!

கூட்டுத்தொடர் பற்றிய ஓர் எண்கணித உண்மை செய்தித் தொடர்பின் கால அட்டவணையாக மாறுவதை இங்கே காண்கிறோம். இந்த உறவை முதலில் வெளிக்கொணர்ந்தவர்கள் ஹங்கேரியக் கணிதவியலாளர்கள் இம்ரே ரூசாவும் எண்ட்ரே செமெரெடியும். பிரவுன், ஏர்டாஷ், ஷோஷ் ஆகிய மூவர் 1973இல் எழுப்பிய ஒரு கேள்விக்கு விடை தேடியபோது, இவர்கள் 1976இல் கெஸ்ட்ஹேயில் நடந்த மாநாட்டில் அளித்து 1978இல் அச்சான கட்டுரை பிறந்தது. அதில் இரண்டு பக்கச் செய்திகள் உண்டு. ஆக்கப் பக்கத்தில் ஃபெலிக்ஸ் பேரென்ட் 1946இல் கண்ட வடிவியல் துணை நின்றது. ஒரு கோளத்தின் மேற்பரப்பில் உள்ள எந்த இரண்டு புள்ளிகளின் நடுப்புள்ளியும் அந்த மேற்பரப்பில் இருக்காது. பல பரிமாணக் கோளத்தின் மேலுள்ள முழு எண் புள்ளிகளின் ஆயங்களை ஓர் எண்ணின் இலக்கங்களாக வாசித்தால், மூன்று உறுப்புக் கூட்டுத்தொடர் இல்லாத, வியக்கத்தக்க அளவு பெரிய எண்கணம் கிடைக்கிறது. முனைகளின் எண்ணிக்கையை ந என்று குறித்தால், அந்தக் கணத்தின் அளவு ந-வின் 0.99ஆம் அடுக்கையும் 0.999ஆம் அடுக்கையும் இறுதியில் தாண்டிவிடும். தடைப் பக்கத்தில், செமெரெடியின் ஒழுங்குத் துணைத்தேற்றத்தைக் கொண்டு அவர்கள் ஓர் எல்லையை நாட்டினார்கள்: ஒரு கோட்டுருவின் விளிம்புகள் ந எண்ணிக்கையிலான தூண்டப்பட்ட பொருத்தங்களில் அடங்கிவிட்டால், ந பெருகப் பெருக அதன் அடர்த்தி, அதாவது சாத்தியமான விளிம்புகளில் இருப்பவற்றின் பங்கு, சுழியத்தை நோக்கிச் சரியும். 2012இல் ஏபெல் பரிசு பெற்ற செமெரெடியின் பணிகளில் இதற்குத் தனியிடம் உண்டு. தடைக்கும் ஆக்கத்துக்கும் இடையிலான இடைவெளி இன்னும் மூடப்படவில்லை. 2011இல் ஜேக்கப் ஃபாக்ஸ் தடைப் பக்கத்தின் மதிப்பீட்டை மேம்படுத்திய பிறகும் அது அகன்றே கிடக்கிறது.

இந்தத் தடையைக் கேட்டதும், என் வாதம் தொடங்கும் முன்பே வீழ்ந்துவிட்டதோ என்று தோன்றலாம். அடர்ந்த கோட்டுருவை ந பொருத்தங்களில் அடக்க முடியாது என்று தேற்றமே சொல்கிறதே! ஆனால் தேற்றம் சொல்வது சரியாக ந பொருத்தங்களைப் பற்றி மட்டும்தான். பொருத்தங்களின் எண்ணிக்கையைச் சற்றே உயர்த்தினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைத் தொடர்புப் பொறியியலின் தேவையிலிருந்து எழுப்பியவர்கள் பிர்க், லீனியல், மெஷுலம் ஆகியோர். பகிர்ந்துகொள்ளப்படும் அலைவரிசைகளில் ஒரே தாவலில் செய்தி சேர்ப்பது பற்றி அவர்கள் 1993இல் எழுதினார்கள். சாத்தியமான விளிம்புகளில் ஒரு நிலையான பங்கைக் கொண்ட அடர்ந்த கோட்டுருக்களை அவர்களால் கட்ட முடிந்தது. ஆனால் அவற்றில் பொருத்தங்களின் அளவு ந-வின் எந்தச் சிறு அடுக்கையும்விட மெதுவாகவே வளர்ந்தது. இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்ற கருத்தில் மெஷுலம் ஓர் ஊகத்தையும் முன்வைத்தார். 2012இல் நோகா அலோன், அங்கூர் மொய்த்ரா, பென்னி சுடகோவ் மூவரும் அந்த ஊகத்தை வலுவாகவே பொய்ப்பித்தார்கள். அவர்கள் கட்டிய கோட்டுருவில் ஏறத்தாழ எல்லா விளிம்புகளும் இருக்கின்றன. இல்லாத விளிம்புகளின் பங்கு சுழியத்தை நோக்கிக் குறைகிறது. இருப்பவை அனைத்தும், ந-வின் ஒன்றாம் அடுக்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கிய அளவுடைய தூண்டப்பட்ட பொருத்தங்களாகப் பிரிகின்றன. இதன் பொருளை நிறுத்தி நிதானமாக எண்ணிப் பாருங்கள். ந பொருத்தங்களோடு நின்றால் அடர்த்தி சுழியத்தை நோக்கிச் சரிகிறது, ந-வின் 1.001ஆம் அடுக்கு அளவுக்குப் பொருத்தங்களை அனுமதித்தால் ஏறத்தாழ எல்லா விளிம்புகளும் கைக்கு வருகின்றன. நடுவில் படிப்படியான ஏற்றம் இருக்கும் என்று எண்ணிய இடத்தில் ஒரே தாவல்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுமானம் எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாமல் அதன் மேல் வாதம் கட்டுவது முறையல்ல. பல பரிமாணங்கள் கொண்ட ஒரு கனசதுரக் கட்டத்தின் முழு எண் புள்ளிகளை முனைகளாகக் கொள்வோம். பரிமாணங்கள் மிகுதியானால், கண்ணை மூடி எடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ எப்போதும் ஒரே அளவாக இருக்கும். பல தற்செயல் எண்களின் கூட்டுத்தொகை தன் சராசரியைச் சுற்றியே குவியும் என்ற நிகழ்தகவு விதியின் விளைவு இது. அந்த வழக்கமான தூரத்தில் உள்ள சோடிகளை மட்டும் விளிம்புகளாக இணைப்போம். விடுபடுபவை மிகச் சிலவே. அடுத்து, ஒவ்வொரு கட்டப் புள்ளியையும் மையமாக வைத்து, அந்த வழக்கமான தூரத்தில் பாதியை ஆரமாகக் கொண்ட மெல்லிய கோள ஓட்டை வரைவோம். ஒரு விளிம்பின் இரு முனைகளும் அந்த ஓட்டின் மேல் இருக்க வேண்டுமானால் அவை ஏறத்தாழ நேரெதிர் முனைகளாகத்தான் இருக்க முடியும். விட்டத்தின் நீளமுடைய கோடு கோளத்துக்குள் மையம் வழியாகத்தானே போக வேண்டும்? பள்ளியில் படித்த இணைகர விதியே இதை எண்ணளவில் உறுதி செய்கிறது. எனவே ஓட்டின் மேலுள்ள ஒவ்வொரு முனைக்கும், தன் எதிர்முனையைச் சுற்றியுள்ள சில புள்ளிகளைத் தவிர அந்த ஓட்டில் வேறு தொடர்பே இல்லை. உயர் பரிமாணத்தில் அந்தச் சில என்பது மொத்தத்தோடு ஒப்பிட்டால் மிக அற்பம். தொடர்புகள் இவ்வளவு குறைந்த ஓட்டை ஒருசில தூண்டப்பட்ட பொருத்தங்களாக உடைப்பது எளிய வேலை. ஒவ்வொரு விளிம்பும் தன் நடுப்புள்ளிக்கு அருகிலுள்ள மையத்தின் ஓட்டில் இடம் பெற்றுவிடுகிறது. ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. விளிம்புகளைக் குறைத்ததனால் அது வரவில்லை. வழக்கத்துக்கு மாறான நீளமுடைய ஒருசில விளிம்புகளை அகற்றியதும், மற்ற எல்லாம் வடிவியலின் பிடியில் தாமாகவே ஒழுங்குபட்டன.

இதே கட்டுரையின் இரண்டாம் முடிவு நடைமுறைக்கு இன்னும் நெருங்கியது. எந்தச் சோடியையும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அனைவரும் அனைவரோடும் பேசியே ஆக வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தலாம். முழுமைக் கோட்டுருவில் அது ஒரு சுற்றுக்கு ஒரு விளிம்பு என்ற கொடுமையில் முடியும் என்று பார்த்தோம். ஆனால் ஓர் ஊடகத்துக்குப் பதில், ஒன்றையொன்று தீண்டாத இரண்டு ஊடகங்கள் இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. முழுமைக் கோட்டுருவின் விளிம்புகள் அனைத்தையும் இரண்டு கோட்டுருக்களால் மூடி, அவை ஒவ்வொன்றையும் ந-வின் 1.924ஆம் அடுக்குக்கும் குறைவான எண்ணிக்கையில் தூண்டப்பட்ட பொருத்தங்களாகப் பிரிக்கலாம் என்று அலோன், மொய்த்ரா, சுடகோவ் நிறுவினார்கள். இரண்டாம் அடுக்கிலிருந்து 0.076 குறைவது சிறிதாகத் தோன்றலாம். அடுக்கில் ஏற்படும் குறைவு ந பெருகும்போது எல்லையின்றிப் பெருகும் ஆதாயம் என்பதை மறக்கக் கூடாது. ஊடகங்களின் எண்ணிக்கை இரண்டாகவே நிற்க, ஆதாயம் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. நிறைவும் ஒழுங்கும் ஒரே ஊடகத்தில் கூடிவாழ முடியாதவை. இரண்டு ஊடகங்களில் கூடிவாழக் கூடியவை. இது கணிதம் கண்டறிந்த உண்மை. அலைவரிசைகளைப் பங்கிடுவோர் அறிந்திருக்க வேண்டிய உண்மையும்கூட.

பயன்கள் தொலைத்தொடர்போடு நிற்கவில்லை. நிரூபணங்களைச் சில இடங்களில் மட்டும் தொட்டுப்பார்த்துச் சரிபார்க்கும் முறைகளில், ஒரு சார்பு நேரியல்தானா என்று சோதிக்கும் கோட்டுருச் சோதனையைச் சமோரோட்னிட்ஸ்கியும் டிரெவிசானும் வகுத்தார்கள். ஹாஸ்டாடும் விக்டர்சனும் அதற்கு எளிய பகுப்பாய்வு தந்தார்கள். அந்தப் பகுப்பாய்வை இந்தக் கோட்டுருக்கள் மேலும் சற்று நீட்டித்தன. பகுதி வரிசை மட்டுமே கொண்ட ஒரு கணத்தின் மேலுள்ள சார்பு ஏறுமுகமாக இருக்கிறதா என்று சில இடங்களை மட்டும் பார்த்துச் சொல்ல எத்தனை பார்வைகள் தேவை என்பதற்கான கீழ் எல்லைக்கும், 2002இல் ஃபிஷரும் அவருடன் ஐவரும் இவ்வகைக் கோட்டுருக்களையே கருவியாக்கினார்கள். ஆனால் இவற்றின் ஆழ்ந்த பயன் ஓடைத் தரவுகளைப் பற்றிய ஆய்வில் இருக்கிறது. பயணிகளையும் வண்டிகளையும் சோடி சேர்ப்பது போன்ற ஒரு பணியில், பொருந்தக்கூடிய சோடிகள் ஒவ்வொன்றாகக் கணினியின் முன் வந்து கடந்துபோகின்றன என்று கொள்வோம். எல்லாவற்றையும் சேமிக்க நினைவகம் இல்லை. முனைகளின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ நிகரான இடம்தான் உண்டு. வந்த விளிம்பு ஏற்கெனவே எடுத்தவற்றோடு மோதாவிட்டால் எடுத்துக்கொள் என்ற எளிய விதியே உச்சப் பொருத்தத்தில் பாதியைத் தந்துவிடும். இதைவிட எவ்வளவு மேலே போகலாம்? 2012இல் கோயல், கப்ரலோவ், கன்னா மூவரும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட முடியாது என்று காட்டினார்கள். கப்ரலோவ் 2013இல் எல்லையை 0.632ஆகவும் 2021இல் 0.591ஆகவும் இறக்கினார். இந்த நிரூபணங்களின் உட்கரு நம் கோட்டுருதான். ஓடையின் முதற்பகுதியில் பல தூண்டப்பட்ட பொருத்தங்கள் கலந்து வருகின்றன. அவற்றில் எது முக்கியம் என்பது பிற்பகுதி வந்த பிறகே தெரியும். எல்லாவற்றையும் நினைவில் வைக்க இடமில்லை. முக்கியமானதை மறந்துவிட்டால், பொருத்தம் தூண்டப்பட்டது என்பதால் அதே முனைகளை இணைக்க வேறு விளிம்பே இல்லை. குறுக்கீடின்மை என்ற அதே பண்பு தொடர்பில் வரமாகவும் இங்கே தடையாகவும் நிற்கிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதல் எதிர்வாதம் கடுமையானது: இந்த அற்புதமெல்லாம் கற்பனைக்கு எட்டாத அளவுகளில்தான் நிகழ்கிறது. உண்மைதான். மேலே சொன்ன கட்டுமானத்தின் மதிப்பீடுகளை அப்படியே வைத்துக் கணக்கிட்டால், கட்டத்தின் பக்க நீளம் ஏறத்தாழ 110ஐத் தாண்ட வேண்டும். விடுபடும் விளிம்புகள் சொற்பமாக, பரிமாணங்களின் எண்ணிக்கை அந்த 110இன் நான்காம் அடுக்கை, அதாவது 14 கோடியைத் தாண்ட வேண்டும். அப்போது முனைகளின் எண்ணிக்கையை எழுதவே ஏறத்தாழ 30 கோடி இலக்கங்கள் வேண்டும். அத்தகைய வலையமைப்பு எந்நாளும் உருவாகப் போவதில்லை. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் இதிலிருந்து எதிர்வாதி எடுக்கும் முடிவு தவறு. அந்த எண்கள் ஒரு நிரூபணத்தின் தாராளமான மதிப்பீடுகளிலிருந்து வந்தவை. எல்லா அளவுக்கும் பொருந்தும் வாதத்தை எளிதாக்குவதற்காகச் செய்யப்பட்டவை. அதே கருத்தின் எண்கணித வடிவம் 27 நிலையங்களிலேயே ஒரு சுற்றுக்கு எட்டு செய்திகளைத் தந்ததை இப்போதுதான் பார்த்தோம். மேலும் ஒரு தேற்றத்தின் பயன் அதன் கட்டுமானத்தை அப்படியே நகலெடுப்பதில் மட்டும் இல்லை. முடியாது என்று நம்பிய ஒன்று முடியும் என்று தெரிந்தபின் தேடலின் திசையே மாறுகிறது. மெஷுலமின் ஊகம் உண்மையாக இருந்திருந்தால் நடுத்தர அளவுகளில் நல்ல அமைப்புகளைத் தேடும் முயற்சிக்கு ஓர் உச்சவரம்பு இருந்திருக்கும். அது இல்லை என்பது இப்போது நிச்சயம். ஓடைத் தரவுகளின் கீழ் எல்லைகளும் இதே விதமான தெளிவைத் தருகின்றன: எவ்வளவு முயன்றாலும் கிட்டாத ஒன்றைத் தேடி உழைப்பைச் செலவிட வேண்டாம், நினைவகத்தைக் கூட்டவோ, ஓடையை இரண்டாம் முறை பார்க்கவோ வழி தேடு. எது முடியாது என்று அறிவதும் நடைமுறை அறிவே.

இரண்டாம் எதிர்வாதம் இயற்பியலின் பக்கமிருந்து வருகிறது. வானொலி அலைக்கு உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள் கிடையாது. தூரத்தோடு படிப்படியாக மங்கும். தொலைவிலுள்ள பல சிறு ஒலிகள் சேர்ந்து ஒரு பெரிய இரைச்சலாகலாம். கோடு இருக்கிறது, இல்லை என்று பிரிக்கும் கோட்டுரு இதை எப்படிப் பிடிக்கும்? முழுவதும் பிடிக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வலுவான அலைகளின் மோதலை மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. ஆனால் எந்த மாதிரியும் எதையாவது விட்டுத்தான் எதையாவது காட்டுகிறது. கோட்டுரு காட்டுவது குறுக்கீட்டின் சேர்க்கைக் கணக்கை: யார் யாரோடு ஒரே நேரத்தில் பேசலாம் என்ற கணக்கை. மங்கலான குறுக்கீடுகளை ஓர் எல்லைக்கு மேல் விளிம்பாக எண்ணி, எல்லைக்குக் கீழுள்ளவற்றுக்கு ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டால், கோட்டுருவில் கண்ட அட்டவணை அலைகளிலும் பெரும்பாலும் நிற்கும். கம்பி வழியாகவும் ஒளியிழை வழியாகவும் பலர் பகிரும் ஊடகங்களில், எந்த அனுப்பி எந்த ஏற்பியை எட்டும் என்பதை வடிவமைப்பவரே தீர்மானிக்கிறார். அங்கே கோட்டுரு மாதிரி உண்மைக்கு இன்னும் நெருக்கமானது. பிர்க், லீனியல், மெஷுலம் எண்ணியதும் அத்தகைய திசைப்படுத்திய பல அலைவரிசை ஊடகத்தைத்தான்.

மூன்றாம் எதிர்வாதம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கோட்டுருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? ஊரும் மலையும் கட்டடங்களும் ஏற்கெனவே வரைந்துவிட்ட கோட்டுருவோடுதான் பொறியாளர் பெரும்பாலும் வாழ வேண்டியிருக்கிறது. கொடுக்கப்பட்ட கோட்டுருவில் மிகப் பெரிய தூண்டப்பட்ட பொருத்தத்தைக் கண்டுபிடிப்பது கணினிக்குக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று ஸ்டாக்மேயரும் வசீரானியும் 1982இலேயே காட்டிவிட்டார்கள். எல்லா விளிம்புகளையும் குறைந்த சுற்றுகளில் அடக்கும் கேள்வியில், ஒரு முனைக்கு அதிகபட்சம் எத்தனை விளிம்புகளோ அதன் வர்க்கத்தைப் போல ஒன்றேகால் மடங்கு சுற்றுகள் போதும் என்று ஏர்டாஷும் நெஷெட்ரிலும் 1985இல் ஊகித்தார்கள். அது இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே இந்த எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது என் வாதத்தை மறுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. கொடுக்கப்பட்ட கோட்டுருவை அட்டவணைப்படுத்துவது கடினம் என்றால், அட்டவணைப்படுத்த எளிதான கோட்டுருவை முதலிலேயே தேர்ந்தெடுப்பதுதானே அறிவு? எந்த நிலையத்துக்கு எந்த அலைவரிசை, எந்த ஆன்டெனா எந்தத் திசையில், எந்த இணைப்புக்கு நேர்வழி, எதற்குச் சுற்றுவழி என்ற முடிவுகள் ஒவ்வொன்றும் கோட்டுருவின் ஒரு பகுதியை நாமே வரைவதுதான். அந்த முடிவுகளைத் தனித்தனியாக, வசதிப்படி எடுத்துவிட்டு, பிறகு மோதல்களைச் சமாளிக்க நேரத்தையும் மின்சாரத்தையும் செலவிடும் வழக்கமே கேள்விக்குரியது.

இந்தத் துறையில் இன்னும் திறந்திருக்கும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பொருத்தங்களின் அளவு ந-வின் ஒரு நிலையான பங்காகவே, பத்தில் ஒரு பங்கோ நூறில் ஒரு பங்கோ என்று இருக்க வேண்டும் என்றால், எத்தனை பொருத்தங்களை ஒரே கோட்டுருவில் வைக்கலாம்? ஃபிஷர் குழுவினரின் 2002ஆம் ஆண்டுக் கட்டுமானம் ந-வின் எந்த நிலையான அடுக்கையும்விட மெதுவாக வளரும் எண்ணிக்கையையே தருகிறது. மேல் எல்லையோ ந-வுக்குச் சற்றே கீழே நிற்கிறது. இடையிலுள்ள பள்ளம் மிகப் பெரிது. மாறிக்கொண்டே இருக்கும் கோட்டுருவில் நல்ல பொருத்தத்தை எவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கலாம் என்ற நடைமுறைக் கேள்வியும் இதன்மேல்தான் தொங்கி நிற்கிறது என்பதை 2023, 2024 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. பெஹ்நெசாதும் கஃபாரியும் கண்ட அல்காரிதத்தின் வேகமே, ரூசா–செமெரெடிக் கோட்டுருக்கள் எனப்படும் இதே கோட்டுருக்களின் வரிசைப்படுத்திய வகை எவ்வளவு அடர்ந்திருக்க முடியும் என்பதைப் பொறுத்தது. எண்களின் கூட்டுத்தொடர் பற்றி 1946இல் எழுதப்பட்ட ஒரு வடிவியல் கருத்து இன்றைய கணினி வேகத்தின் எல்லையோடு கட்டுண்டிருக்கிறது. இந்தத் தொடர்பை யாரும் திட்டமிடவில்லை. கேள்வியை அதன் அடிவரை தொடர்ந்து சென்றவர்கள் இருந்ததால் அது வெளிப்பட்டது.

ஆக, நான் உங்கள் முன் வைக்கும் முடிவு இது. நெருக்கத்தைக் கண்டு அஞ்சி இணைப்புகளை வெட்டுவது, குறுக்கீட்டின் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு. ஒரே ஊடகத்தில் முழுமையான இணைப்பு மட்டுமே ஒழுங்குக்குப் பகை. முழுமைக்கு ஒரு நூலிழை கீழே இறங்கினால் போதும், ஒழுங்குக்கு இடம் உண்டாகிறது. ஆனால் எந்த இழையை விடுவது என்பதைக் குருட்டுத்தனமாகத் தீர்மானிக்க முடியாது. தற்செயலாகச் சில விளிம்புகளை நீக்கினால் இத்தகைய ஆதாயம் வராது. வழக்கமான தூரத்திலிருந்து விலகியவற்றை நீக்கியதால்தான் அங்கே எல்லாம் அமைந்தது. பகிர்ந்துகொள்ளும் ஊடகம் எதையேனும் வடிவமைக்கும் இளைஞர்கள் இந்த அவையில் இருந்தால், அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எத்தனை இணைப்புகளைத் தாங்க முடியும் என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். எந்தச் சில இணைப்புகளை விட்டுக்கொடுத்தால் மற்றவை ஒன்றுக்கொன்று வழிவிடும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை உண்டு என்பதைக் கணிதம் உறுதி செய்திருக்கிறது. உங்கள் வலையமைப்பின் அளவில் அந்த விடையைக் கண்டுபிடிக்கும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.